வலை ஆமையை எரித்த நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகர்மன்றத் தலைவர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

கடற்கரைச் சாலையின் தென்முனையில், மீன் ஏலக்கூடத்துக்கு எதிரே, கரை ஒதுங்கிய பழைய வலைகளைக் கொண்டு ஊரார் செய்து வைத்த ஆமைச் சிற்பமான வலை ஆமையைப் போன வாரம் ஜேசிபி வைத்துப் பெயர்த்து, டிராக்டரில் ஏற்றி, குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டீர்கள். முன்கூட்டி ஒரு கடிதம் வரவில்லை, போனில்கூட யாரும் சொல்லவில்லை. நேரில் வந்து கேட்டபோது, மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள், கடற்கரையில் குப்பை கண்ணில் படக்கூடாது, அதனால் எடுத்தோம் என்று பதில் கிடைத்தது. அந்த வாரமே அதே இடத்தில் ஃபைபரில் ஒரு டால்பின் சிலையும், ஊர்ப்பெயரைப் பெரிய எழுத்தில் வைத்த செல்ஃபி மேடையும் அமைக்க ஒப்பந்தப்புள்ளி கோரியிருக்கிறீர்கள்.

ஆமையை எடுத்ததை மட்டும் பார்த்தால், கீழ்மட்டத்தில் யாரோ அவசரப்பட்டுவிட்டார்கள் என்று விட்டிருப்பேன். டால்பினையும் சேர்த்துப் பார்க்கும்போது அப்படி விட முடியவில்லை. ஊர்ச்சனம் தன் கையால், தன் கடல் துப்பிய கழிவைக் கொண்டு செய்தது இந்தக் கரையில் நிற்கக்கூடாது, காசு கொடுத்து வெளியிலிருந்து வாங்கி வருவது நிற்கலாம் என்று நீங்கள் முடிவெடுத்ததாகத்தான் ஆகிறது. அந்த முடிவை என்னால் ஏற்க முடியாது.

முதலில் அனுமதி பற்றி. வேலையைத் தொடங்கும் முன்பே இடம், அளவு, பயன்படுத்தும் பொருள், எத்தனை மாதம் நிற்கும், எப்போது கழற்றுவோம் என்று எல்லாம் எழுதி, வரைபடத்தோடு உங்கள் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டு என்னிடம் இருக்கிறது. எழுத்தில் பதில் வரவில்லை. இடத்தைப் பார்க்க வந்த பொறியாளர், நடைபாதையை மறைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள் என்றார், தள்ளி வைத்தோம். காற்றுக்குச் சாயக்கூடாது என்றார். இடிந்த கிணற்றிலிருந்து எடுத்த உறைகளை மண்ணில் புதைத்து, அதில் கம்பியைப் பிணைத்தோம். வடகிழக்குப் பருவமழை முழுதும் அது அசையாமல் நின்றதை நீங்களும் பார்த்தீர்கள். அனுமதியில்லாமல் வைத்தது என்று இப்போது சொன்னால் அது உண்மையில்லை.

அடுத்து, குப்பை என்றீர்களே, அது எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். நான் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தவன். இந்த ஊர் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் அந்த ஆமை என் தனிப்பட்ட படைப்பு இல்லை. ஏலக்கூடத்துத் திண்ணையில் உட்கார்ந்து வலை பின்னும் பெண்கள், கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட பெரியவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பழைய இரும்புக் கடைக்காரர், அப்புறம் உங்கள் நகராட்சியின் தூய்மைப் பணியாளர்கள், இவர்கள் எல்லாரும் செய்தது. கடைசியாகச் சொன்னவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காலையில் கடற்கரையைப் பெருக்கும்போது ரப்பர் செருப்புகளைத் தனியாக ஒரு சாக்கில் கட்டி எங்களுக்காக எடுத்து வைத்தவர்கள் அவர்கள்தான். அந்த அம்மாக்களில் ஒருவர் என்னிடம், "நாங்க பொறுக்கிக் குடுத்ததை எங்களையே விட்டுப் பிய்க்கச் சொன்னாங்க தம்பி" என்றார். இந்த வாக்கியத்துக்கு நகராட்சி என்ன பதில் வைத்திருக்கிறது?

ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் கடல் எங்கள் கரையில் என்ன போடுகிறது என்பது கடற்கரையில் நடப்பவர்களுக்குத் தெரியும். பச்சை நிறத்தில் தடித்த இழுவைமடித் (விசைப்படகு இழுத்துப்போகும் வலை) துண்டுகள், நீலக் கயிறு, உடைந்த தெர்மாகோல் மிதப்பு, எல்லாவற்றையும்விட மோசமாக, கண்ணுக்கே தெரியாத, ஒற்றை நைலான் இழையில் பின்னிய தங்கூசி வலை. அது மணலுக்குள் புதைந்து கிடக்கும். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் பத்தடிக்கு அப்பால் மணல் விரியும். அறுத்துதான் எடுக்கவேண்டும். கொண்டுவந்த வலையில் கொட்டலசு என்ற கூரான ஓட்டுப் பிராணி ஒட்டியிருக்கும், அதைச் சுரண்டாமல் கைவைத்தால் விரல் கிழியும். நல்ல தண்ணீரில் அலசி, உப்பு போக வெயிலில் உலர்த்தி, நைலானைத் தனியாகவும் மற்ற பிளாஸ்டிக்கைத் தனியாகவும் பிரிக்கவேண்டும். வலை பின்னும் பெண்களுக்கு இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், விரலால் நெருடியே இது எந்த நூல், எந்த மீனுக்கான கண்ணி என்று சொல்லிவிடுவார்கள். கல்லூரியில் பொருள் பற்றி நான் படித்த பாடத்தைவிட அந்தத் திண்ணையில் கற்றது அதிகம்.

ஆமையின் உள்கூட்டுக்கு, இடித்த வீடுகளின் பழைய கம்பி. அதன்மேல் இழுவைமடியைப் போர்த்தி, வலை ஊசியால் பின்னி இறுக்கினார்கள். ஓட்டுக்குச் செருப்புகளின் அடிப்பாகத்தை வெட்டிச் சில்லு சில்லாகத் தைத்தோம். அங்கேதான் ஒரு தகராறு வந்தது. நான் வரைந்து வைத்த ஓட்டில் நடுவரிசைக்கு இரு பக்கமும் ஐந்தைந்து சில்லு இருந்தது. ஒரு பெரியவர் வந்து பார்த்துவிட்டு, இது எந்த ஊர் ஆமை என்று கேட்டார். நம் கரைக்கு முட்டையிட வருகிற பங்குனி ஆமைக்குப் பக்கத்துக்கு ஆறு, ஏழு என்று இருக்கும், சிலதற்கு ஒரு பக்கம் ஒன்று கூடவே இருக்கும், பேராமைக்குத்தான் நாலு என்று மணலில் வரைந்து காட்டினார். அப்புறம் புத்தகத்தைப் புரட்டினேன். அவர் சொன்னது அத்தனையும் சரி. தைத்ததைப் பிரித்து, ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் ஏழுமாக மறுபடி தைத்தோம். அந்த ஓட்டை அன்றைக்கு உங்கள் ஜேசிபியின் பல் நடுவில் கிழித்தது.

ஏன் ஆமை என்று உங்கள் உறுப்பினர் ஒருவர் கேட்டார். ஆமை நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி. தண்ணீருக்குள் வலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் செத்துப்போகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதை நாடே பார்த்தது. எங்கள் கரையிலும் ஒவ்வோர் ஆண்டும் ஒதுங்குகின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. அதைக் கொல்லும் வலையைக் கொண்டே அதன் உருவத்தைச் செய்தால், பார்க்கிறவனுக்கு யாரும் பக்கத்தில் நின்று விளக்கவேண்டியதில்லை. அதற்காகத்தான் அந்தப் பொருளையே எடுத்தோம். புதுக் கயிறு வாங்கிச் செய்திருந்தால் அழகாக இருந்திருக்கும், ஆனால் அதற்கு ஒரு அர்த்தமும் இருந்திருக்காது.

ஆமையின் வயிற்றைத் திறந்த வலைப்பையாக விட்டிருந்தோம். வருகிறவர்கள் கையிலிருக்கும் பாட்டிலையும் பாக்கெட்டையும் அதில் போடத் தொடங்கினார்கள். அது நிறைவதைப் பார்த்த பிள்ளைகள், பொங்கலுக்கு வந்த வெளியூர்க்காரர்களைக் கூட்டிப்போய், ஆமை வயிற்றுக்குள் என்ன இருக்கிறது பாருங்கள் என்று காட்டினார்கள். இன்னொன்றும் நடந்தது, இதை நான் எதிர்பார்க்கவில்லை. கிழிந்த வலையைக் கடலிலேயே கழற்றிவிட்டு வருகிற சில படகுக்காரர்கள், அதைக் கரைக்குக் கொண்டுவந்து ஆமைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். யாரும் அவர்களுக்கு உத்தரவு போடவில்லை. ஊரெல்லாம் வைக்கிற விழிப்புணர்வுப் பலகைகளால் இந்த ஒரு காரியம் நடந்து நான் பார்த்ததில்லை.

உங்கள் தரப்பில் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. வெயிலில் கிடந்தால் நைலானும் பிளாஸ்டிக்கும் நைந்து பொடியாகும், அந்தப் பொடி மணலிலும் கடலிலும் கலக்கும் அல்லவா? ஆமாம், கலக்கும். கழிவைக் கொண்டு வெளியில் சிற்பம் வைக்கிற யாரும் இதை மறைக்கக்கூடாது. அதனால்தான் மனுவிலேயே காலக்கெடு எழுதினோம். அடுத்த கோடை உச்சத்துக்கு வருமுன் கழற்றி, நைலானையும் மற்றதையும் தனித்தனியாக மறுசுழற்சிக்கு அனுப்புவது, கம்பியை இரும்புக் கடைக்குத் திருப்பிக் கொடுப்பது என்பது திட்டம். பிரிப்பதற்கு வசதியாக, எங்கேயும் பசை பயன்படுத்தவில்லை, முழுதும் முடிச்சுதான். அவிழ்ப்பதற்கென்றே கட்டிய ஒன்றை நீங்கள் அள்ளிக் கொளுத்தினீர்கள்.

எரித்ததைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். நைலான் எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயு இருக்கும். கிடங்கை ஒட்டி வீடுகள் இருக்கின்றன, அங்கே குழந்தைகள் இருக்கிறார்கள். 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே திறந்தவெளியில் குப்பை எரிப்பது கூடாது என்று எழுதியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அப்படி எரிப்பவர்களுக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்று ஆணையிட்டது. தெருவில் சருகு கொளுத்தும் பாட்டியைக் கண்டிக்கும் அதிகாரம் உங்களுக்கு இப்படிப்பட்ட விதிகளிலிருந்துதான் வருகிறது. குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களைக் கழிவு மேலாண்மையில் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று உள்ளாட்சிகளுக்குச் சொன்னதும் அந்த 2016 விதிகள்தான். ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த மாநிலம் இது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கம் தொடங்கிய மாநிலம். சென்னை காசிமேட்டில் பழைய வலைகளை மீனவர்களிடமிருந்து எடைபோட்டுக் காசு கொடுத்து வாங்கும் திட்டத்தையும் மாநில அரசே கொண்டுவந்திருக்கிறது. அங்கே காசு கொடுத்து வாங்கும் பொருளை இங்கே நீங்கள் கொளுத்தியிருக்கிறீர்கள்.

ஒரு நிர்வாகம் வேறு விதமாகவும் நடந்துகொள்ள முடியும் என்பதற்குச் சண்டிகர் சாட்சி. பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், 1957 வாக்கில், ஊருக்கு வெளியே அரசுக் காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு தோட்டம் போடத் தொடங்கினார். புதிய நகரம் எழுப்புவதற்காக இடித்த கிராமங்களின் இடிபாடு, உடைந்த வளையல், பீங்கான் துண்டு, பாட்டில், சைக்கிள் பாகம் என்று பொறுக்கிச் சேர்த்து, இரவில் உட்கார்ந்து மனிதர்களையும் விலங்குகளையும் செய்தார். 1970-களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது பல ஏக்கருக்குப் பரவியிருந்தது. சட்டப்படி அது ஆக்கிரமிப்புதான். மனு இல்லை, ஒப்புகைச் சீட்டு இல்லை, அரசு நிலம் வேறு. இடித்திருந்தால் யாரும் கேட்டிருக்க முடியாது. ஆனால் நிர்வாகம் இடிக்கவில்லை. 1976-இல் மக்களுக்குத் திறந்துவிட்டது. நேக் சந்துக்கு அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பதவியும் சம்பளமும் கொடுத்து, ஐம்பது தொழிலாளர்களையும் கொடுத்தது. 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது. 1990 வாக்கில் சாலை போடுவதற்காகத் தோட்டத்தின் ஒரு பகுதியை இடிக்க புல்டோசர் வந்தபோது, ஊர்மக்களே குறுக்கே நின்று தடுத்தார்கள். அவர் 2015-இல் காலமானார். சண்டிகருக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் அந்தத் தோட்டத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை.

எங்கள் ஆமையை நான் அந்தத் தோட்டத்தோடு ஒப்பிடவில்லை. முன்னே நின்ற அதிகாரிகளைத்தான் ஒப்பிடுகிறேன். அவர்கள் முதலில் போய்ப் பார்த்தார்கள்.

வலையே பிரச்சினை என்றால், ஆஸ்திரேலியாவின் வடக்கே டோரஸ் நீரிணைத் தீவுகளின் மக்கள் கரை ஒதுங்கும் வலைகளைக் கொண்டு ஆமை போன்ற கடல் உயிர்களின் உருவங்களைச் செய்கிறார்கள். அவை 2016-இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அமெரிக்காவில் ஓரிகான் கரையில் ஓர் ஓவிய ஆசிரியை தொடங்கிய வேலை, கடற்கரைப் பிளாஸ்டிக்கில் செய்த பெரும் உருவங்களாக நாடு முழுதும் போய்வருகிறது. இவர்களைப் பார்த்து நாங்கள் செய்யவில்லை. எங்களுக்குத் தெரிந்த முறை வேறு. சிவகங்கைப் பக்கம் புரவி எடுப்பு நடக்கும் ஊர்களுக்குப் போயிருக்கிறீர்களா? ஊர் முதலில் மண்பாண்டம் செய்யும் வேளாருக்குப் பிடிமண், அதாவது ஒரு கைப்பிடி மண், கொடுக்கும். அவர் மண்குதிரை செய்வார். ஊரே சுமந்துகொண்டு போய் அய்யனார் கோயிலில் வைக்கும். பழைய குதிரைகள் மழையிலும் வெயிலிலும் அங்கேயே கரையும், அடுத்த முறை புதிது வரும். மண் ஊருடையது, அதனால் குதிரையும் ஊருடையது. செய்தவர் கையெழுத்துப் போடுவதில்லை. வலையை எங்கள் ஊர்தான் எடுத்துக் கொடுத்தது. ஆமையை அகற்றவேண்டும் என்று நீங்கள் நினைத்திருந்தாலும், கொடுத்தவர்களைக் கேட்டிருக்கவேண்டும்.

இப்போது டால்பின். ஃபைபர் என்பது கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்து இறுகியது. ஒருமுறை இறுகினால் மறுபடி உருக்க முடியாது. இது ஏதோ தூரத்து விஷயம் என்று நினைக்கவேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் இந்தக் கரை முழுதும் வந்தன. இன்றைக்கு உடைந்துபோன படகுகள் சவுக்குத் தோப்பு ஓரம் கிடக்கின்றன. பழைய இரும்புக் கடைக்காரர்கூட ஏறிட்டுப் பார்ப்பதில்லை, வெட்டினால் தூள் பறந்து உடம்பெல்லாம் அரிக்கும். அதே பொருளில், கடற்கரையைச் சுத்தமாக்குகிறோம் என்ற பெயரில், ஊர்ப் பணத்தில் ஒரு சிலை. சில வருடத்தில் சாயம் வெளுத்து, துடுப்பு உடைந்து, அதுவும் தோப்பு ஓரம் போய்ச் சேரும்.

கழிவில் சிற்பம் வைத்தால் தூய்மை நகரத் தரவரிசையில் மதிப்பெண் கிடைக்கும் என்பதற்காக, ஒப்பந்ததாரர் ஒருவரை வைத்து பழைய இரும்பில் ஏதாவது செய்து தருகிறோம் என்று சமாதானம் சொல்லாதீர்கள். தில்லியில் 2019-இல் மாநகராட்சியே 150 டன் பழைய இரும்பைக் கொண்டு உலக அதிசயங்களின் மாதிரிகளைச் செய்து பூங்கா திறந்தது. கழிவைப் பயன்படுத்தியவகையில் பாராட்டலாம், கூட்டமும் வருகிறது. ஆனால் அந்த இரும்பு எங்கிருந்து வந்தது, யார் வீசியது என்று ஈஃபில் கோபுரத்தின் மாதிரி சொல்லாது. எங்களுக்குத் தேவை அது இல்லை. இந்தக் கரையின் கழிவு, இந்தக் கரையின் மனிதர்கள் கையால், இந்தக் கரையைப் பற்றிப் பேசவேண்டும்.

ஆகவே கேட்கிறேன். ஆமையை அகற்றவும் எரிக்கவும் உத்தரவிட்டது யார், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் சொல்லுங்கள். எரியாமல் மிஞ்சிய கம்பியும் வலையும் கிடங்கில் இருந்தால் எங்களிடம் ஒப்படையுங்கள், பிரித்து அனுப்பவேண்டிய இடத்துக்கு நாங்களே அனுப்புகிறோம். கிடங்கில் எரிப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

டால்பின் ஒப்பந்தப்புள்ளியை ரத்து செய்யுங்கள். அந்தத் தொகையில் ஒரு பகுதியை வைத்து மீன்பிடித் துறைமுகத்தில் பழைய வலை சேகரிக்க ஒரு கொட்டகை போடுங்கள். அதில் வலை பிரிக்கும் பெண்களுக்கு நாள்கூலி கொடுங்கள், இதுவரை அவர்கள் சும்மாவே செய்தார்கள், இனியும் அப்படிச் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை. மறுசுழற்சிக்குப் போகும் வலையை அங்கிருந்து அனுப்பலாம், சிற்பத்துக்கு வேண்டியதையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

ஏலக்கூடத்துக்கு எதிரே உள்ள அந்த இடத்தை, ஊர்மக்கள் கழிவைக் கொண்டு செய்யும் தற்காலிகப் படைப்புகளுக்கென்று நகர்மன்றத் தீர்மானம் போட்டு ஒதுக்குங்கள். எவ்வளவு உயரம், எப்படி நங்கூரம், எத்தனை மாதம், யார் கழற்றுவது என்று விதி எழுதுங்கள், எந்த விதியானாலும் கடைப்பிடிக்கிறோம். மனு கொடுத்தால் முப்பது நாளுக்குள் சரி அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் வரவேண்டும். அகற்றவேண்டி வந்தால் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும். அந்த விதியை எழுதும் குழுவில் தூய்மைப் பணியாளர்களிலிருந்து ஒருவரும், வலை பின்னும் பெண்களிலிருந்து ஒருவரும், மீனவப் பஞ்சாயத்திலிருந்து ஒருவரும் இருக்கவேண்டும்.

இவற்றை அடுத்த நகர்மன்றக் கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்த்து, ஆமையைச் செய்தவர்கள் வந்து பேசுவதற்கு நேரம் ஒதுக்கி, கூட்டத் தேதியை எங்களுக்கு முன்கூட்டித் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
வலை ஆமையைச் செய்தவர்களில் ஒருவன்
மீனவர் குடியிருப்பு